கூரையில் கால் படாத வண்டி

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் பொறுமையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். அன்றைக்குக் காலையில் அங்கே பொறுமையாக நின்றது முற்றத்து நாவல் மரம் ஒன்றுதான்.

முந்தின நாள் நடந்தது அப்படி. மடத்திலிருந்து தினமும் மத்தியானம் மேலே கல்குவாரிக்குக் கஞ்சி போகும். பக்தர் ஒருவர் கொடுத்த பிக்கப் வண்டியின் பின்பக்கம் அண்டாவை ஏற்றிக்கொண்டு போவார்கள். மலைப்பாதைக்கென்று பெரிய டயர் போட்ட வண்டி. அதன் கூரை, கீழே நிற்கிற எந்த ஆள் கண்ணுக்கும் தெரியாத உயரத்தில் இருக்கும். வழியில் சாரல் பிடித்தது. மேட்டில் வண்டியை நிறுத்தி அண்டாவைத் திறந்ததும், முன்கூரையிலிருந்து கறுப்பும் ஊதாவுமாக ஒரு தண்ணீர் பின்னால் வழிந்து கஞ்சிக்குள் விழுந்தது.

தட்டோடு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க என்ன நாயா?" என்று ஒருவர் கேட்டார். கஞ்சி முழுவதையும் மண்ணில் கொட்டிவிட்டு, பசியோடு கல் உடைக்கப் போனார்கள்.

செய்தி கேட்டு அன்று மடத்தின் தலைவரான சாமியும் சாப்பிடவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் குற்றவாளியைத் தேடினார்கள்.

தேடுவதற்குத் தோதாக ஏட்டையா இருந்தார். பெயர் திருமலைக்கொழுந்து. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, சாமியிடம் சீடராக வந்தவர். சாமியை விட வயதில் மூத்தவர். வேட்டியைக் காவியாக்கிவிட்டார், மீசையைக்கூட எடுத்துவிட்டார். ஆளைப் பார்த்ததும் சந்தேகப்படுவதை மட்டும் விட முடியவில்லை.

மறுநாள் காலையில் சாமியின் முன்னால் வந்து நின்றார்.

"விசாரிச்சிட்டேன் சாமி. வண்டி கழுவுத மாடத்திதான். கதவு, டயரு, கைக்கு எட்டுத எடம் மட்டும் கழுவுதா. மேல தொடுததே இல்ல. அவளே ஒத்துக்கிட்டா."

"என்ன சொல்லி ஒத்துக்கிட்டா?"

"'மேல நான் கழுவல'ன்னா. அது போதும்லா?"

பக்கத்தில் நின்ற காரியஸ்தர் கோமதிநாயகம் தலையை ஆட்டினார். "சாயங்காலத்துக்குள்ள அறையக் காலி பண்ணச் சொல்லியாச்சு சாமி."

மாடத்திக்கு இருந்தது மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓர் அறை. அவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும் அதில் இருந்தார்கள். அதை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. இது காரியஸ்தருக்கும் தெரியும், ஏட்டையாவுக்கும் தெரியும்.

சாமி முற்றத்து நாவல் மரத்தடியில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏட்டையாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சாமி யோசனை? ஏழைபாழை வாயில போற கஞ்சி. அதுல அழுக்கு விழுந்திருக்கு. தப்பு செஞ்சவள இரக்கப்பட்டு விட்டு வச்சா அது தர்மமா?"

"மத்தியானம் வண்டி போகணும் ஏட்டையா. அவள அனுப்பிட்டா யாரு கழுவுவா?"

"நான் கழுவுதேன்."

"கழுவுங்க. கழுவிட்டு வந்து கேளுங்க."

ஏட்டையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வேகத்துக்குக் குறைவில்லை. காரியஸ்தர் முந்தின நாளே டவுனுக்கு ஆள் அனுப்பிச் சாமான் வாங்கி வைத்திருந்தார். தண்ணீர் பீய்ச்சும் மெஷின், நீளக் கம்பு வைத்த பிரஷ், ஷாம்பு, மெத்தென்ற துணிகள், இரண்டு வாளி. மாடத்தி கையில் இதுநாள் வரை இருந்தது ஒரு கிழிந்த பனியனும் ஓட்டை வாளியும். கஞ்சி கெட்டபிறகுதான் மெஷின் வாங்கத் தோன்றியிருக்கிறது. நல்லது.

ஏட்டையா குனிந்து டயரில் ஆரம்பித்தார். அங்கேதான் சேறு அப்பியிருந்தது. பிறகு படிக்கட்டு, கதவு, கண்ணாடி. ஷாம்பு போட்டு, துடைத்து, தள்ளி நின்று பார்த்தார். கதவில் அவர் முகம் தெரிந்தது. திருப்தியாக இருந்தது.

பிறகு நீளப் பிரஷை எடுத்து, கீழே நின்றபடியே கூரையைத் தேய்த்தார். என்ன தேய்க்கிறோம் என்று தெரியவில்லை. மெஷினைத் தூக்கி மேலே பீய்ச்சினார்.

கூரையிலிருந்து இறங்கியது. நாவல் பழச் சாறு, பறவை எச்சம், மக்கிய இலை எல்லாம் சேர்ந்து குழம்பாகக் கண்ணாடி வழியாக, கதவு வழியாக டயர் வரைக்கும் வந்தது. ஏட்டையாவின் முகம் தெரிந்த இடத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

அவர் மறுபடி கதவைக் கழுவினார். மறுபடி மேலே பீய்ச்சினார். மறுபடி இறங்கியது. காய்ந்த எச்சம் பாதி அங்கேயே ஒட்டிக்கொண்டு, பாதி மட்டும் கரைந்து வந்தது. பிரஷில் சிக்கிய மண் கதவில் கீறலும் போட்டது.

"சனியன்," என்றார் ஏட்டையா. மடத்துக்குள் அந்த வார்த்தை சொல்லக்கூடாது. சொல்லிவிட்டார்.

பிரஷைப் போட்டுவிட்டு, வண்டியின் பின்பக்கம் அண்டா வைக்கிற இடத்தில் ஏறி நின்றார். அங்கே நின்றால் கூரையின் பின்பாதி நன்றாகத் தெரியும். பார்த்தார். வருஷக்கணக்கான அழுக்கு. முன்பாதி அங்கிருந்தும் கைக்கு எட்டவில்லை. கூரை மேலே ஏற ஒரு காலைத் தூக்கினார்.

"ஏட்டையா, ஏட்டையா!" காரியஸ்தர் ஓடிவந்தார். "கால வச்சிராதீங்க. ஊர்வலத்தன்னைக்குப் பெரிய சாமி படம் வைக்கிற எடம்லா அது."

பெரிய சாமி மடத்தை நிறுவியவர். ஆண்டுக்கு ஒரு தடவை, அவருடைய படத்தை அந்தக் கூரையில் வைத்து ஊரைச் சுற்றி வருவார்கள்.

ஏட்டையா காலைக் கீழே வைத்தார். "அப்ப இத எப்படிக் கழுவுதது?"

"கீழ நின்னுதான்."

"நான் ஆறடி. எனக்கே எட்டல. மாடத்தி எனக்குத் தோள் உயரம் வருவாளா?"

காரியஸ்தர் கீழே கிடந்த பிரஷை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சரி. என்னை மாதிரி இங்க பின்னால ஏறி நின்னாவது கழுவியிருக்கலாம்லா?"

"அது அண்டா வைக்கிற எடம் ஏட்டையா. அவ ஏறலாமா?"

"நான் ஏறி நிக்கேன். என்னை ஒண்ணும் சொல்லலயே?"

"நீங்களும் அவளும் ஒண்ணா?" என்றார் காரியஸ்தர். மனதில் ஒரு களங்கமும் இல்லாமல், மணி கேட்டால் மணி சொல்வது போலச் சொன்னார்.

ஏட்டையா அவர் பக்கம் திரும்பினார். "அவ ஏணி ஏதாவது கேட்டாளா?"

"கேட்டா. ஒரு தடவ ரெண்டு தடவ கேட்டா. பல்பு மாட்டுத ஏணி இருக்கு. ஏணி குடுத்தா மேல ஏறிருவாள்லா? அதான் குடுக்கல."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மாடத்தியின் சொல் சாமி உட்கார்ந்திருக்கும் கூடம் வரைக்கும்கூட ஏறவில்லை. அவள் கேட்டதைச் சொல்லாதவரே, அவள் கழுவவில்லை என்பதற்குத் தலையாட்டினார். விசாரித்தவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையைத் தெருவில் நிறுத்த இவ்வளவு போதுமாக இருந்தது.

ஏட்டையா வண்டியிலிருந்து குதித்தார். நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனார்.

மாடத்தி பாத்திரங்களைச் சேலையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் எழுந்திருக்காதது அன்றைக்குத்தான்.

"ஏணி கேட்டத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் ஏட்டையா.

"நீங்க அதக் கேக்கலயே. மேல கழுவினியா இல்லையான்னு கேட்டீங்க. இல்லன்னேன். சரி, போன்னு சொல்லிட்டீங்க."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"நான் போயிருதேன்யா," என்றாள். "வேலை செய்யலன்னு சொல்லி அனுப்புங்க, போறேன். கஞ்சில அழுக்க ஊத்துனவன்னு சொல்லி அனுப்பாதீங்க. அந்தக் குவாரிலதான் எங்க அண்ணன் கல் உடைக்கான். நேத்து அவனும் பட்டினிதான்."

ஏட்டையா வந்த வேகத்தில் கூடத்துக்குத் திரும்பினார். சாமியைக் கும்பிடவும் மறந்துவிட்டார். காரியஸ்தரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"சாமி, ஆள் மாறிப் போச்சு. குத்தவாளி மாடத்தி இல்ல. இந்தா நிக்காரு பாருங்க, இவருதான்."

"நான் என்ன செஞ்சேன்?" கோமதிநாயகத்துக்கும் கோபம் வந்தது. "கூரையில யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானா? சாமிதான் சொன்னாங்க. முதல் ஊர்வலத்துக்கு ஒரு பய மேல ஏறி ஆடினான். சாமி அவன இறக்கி விட்டுட்டு, எல்லாரும் கேக்கச் சொன்னாங்க. நான் அன்னைலருந்து அதக் காப்பாத்திட்டு வாரேன்."

ஏட்டையா சாமியைப் பார்த்தார். ஏட்டு பார்க்கிற பார்வை.

"நீங்களா சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றார் சாமி. "அன்னைக்கு ஒரு நாளைக்குச் சொன்னேன்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் காரியஸ்தர்.

"அண்டா வைக்கிற எடத்துல அவ ஏறக் கூடாதுன்னும் நான் சொன்னேனா?"

காரியஸ்தர் தரையைப் பார்த்தார். "அது... நாங்களாப் பாத்துக்கிட்டது."

"நீங்களாப் பாத்துக்கிட்டீங்க. நான் பாக்கவே இல்ல."

சாமி எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. முற்றத்தில் சார்த்தியிருந்த பல்பு ஏணியைத் தாமே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் சார்த்தினார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கூரையில் ஏறினார்.

காரியஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே சாமி குந்தி உட்கார்ந்து பார்த்தார். பலகை வைத்து, பட்டு விரித்து, பெரிய சாமியின் படத்தை வைக்கிற இடம் நன்றாகத் தெரிந்தது. சதுரமாகப் பதிந்திருந்தது. சதுரத்துக்கு உள்ளேயும் எச்சம்தான்.

"கோமதிநாயகம், போன ஊர்வலத்துக்கு இது மேலயா படத்த வச்சீங்க?"

"பட்டு விரிச்சுத்தான் வச்சோம் சாமி."

சாமி ஈரச் சாக்கு கேட்டார். ஏட்டையா கொடுத்தார். காய்ந்த எச்சத்தின் மேல் சாக்கைப் போட்டு ஊற வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊறுவதற்கு நேரம் எடுத்தது. ஒருவரும் நகரவில்லை. பிறகு துணியால் துடைத்தார். கறுப்புத் தண்ணீர் கீழே ஏட்டையா பளபளப்பாக்கிய கதவின் மேல் இறங்கியது. இந்தத் தடவை ஏட்டையா கதவைத் துடைக்கவில்லை.

மாடத்தி மூட்டையோடு முற்றத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

"மாடத்தி," என்று மேலேயிருந்து சாமி கூப்பிட்டார். "கஞ்சில விழுந்த அழுக்கு என்னோடது. மத்தியானம் நானே குவாரிக்குப் போய் அவங்ககிட்ட சொல்லுதேன். நீ இரு."

அவள் ஏணியைப் பார்த்தாள், காரியஸ்தரைப் பார்த்தாள்.

"ஏணி இங்கயே இருக்குமா?" என்றாள்.

"இருக்கும்."

மூட்டையைக் கீழே வைத்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு, பின்பக்கம், அண்டா வைக்கிற இடத்தில் ஏறினாள். அங்கிருந்து துணியை நனைத்து நனைத்து மேலே நீட்டினாள்.

காரியஸ்தர் ஏணியடிக்கு வந்தார். "சாமி, நான் கேக்கேன்னு நினைக்காதீங்க. பெரிய சாமி எடம். இப்படி எல்லார் கையும் காலும் படலாமா?"

சாமி துடைப்பதை நிறுத்தவில்லை. "இத்தன வருசமா காக்கா உக்காந்துச்சு. அப்ப நீங்க யாரும் கேக்கலயே."

கூரையில் கடைசி வாளித் தண்ணீர் தெளிவாக இறங்கியபிறகுதான் அவர்கள் கீழே இறங்கினார்கள். கதவுகளை ஒரே தடவைதான் கழுவ வேண்டியிருந்தது. மடத்து அடுப்படியில் அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மாடத்தி மூட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிப் போனாள். போகிறபோது ஏட்டையாவைத் தாண்டித்தான் போனாள். அவரைப் பார்க்கவில்லை.

அது ஏட்டையாவுக்குத் தைத்தது. சாமியின் காலில் ஊதாக் கறை. அதைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"சாமி, எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. அவர் மேல, உங்க மேல, எம்மேல. முப்பது வருசம் இதே வேலதான பாத்தேன். ஒரு பொம்பளைய நிக்க வச்சு விசாரிச்சேன். எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?"

"காலைல வண்டிய எங்க கழுவ ஆரம்பிச்சீங்க?"

"டயர்ல."

"ஏன்?"

"அங்கதான சாமி அழுக்கு தெரிஞ்சுது. குனிஞ்சா கைக்கு எட்டுச்சு."

சாமி அவர் கையிலிருந்த செம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைத் தாமே காலில் ஊற்றிக்கொண்டார்.

"ஸ்டேஷன்லயும் அப்படித்தானா ஏட்டையா?"

ஏட்டையா வாயைத் திறந்தார். யார் யார் முகமோ வந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.