க்ளெக் வீட்டு அடுப்பு

இங்கிலாந்தில் வெல்காம்ப் என்றொரு ஊர். யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டிய காலம் அது. தேர்தல் நாளில் எவன் வீட்டுச் சொந்த அடுப்பில் உலை கொதிக்கிறதோ, அவனுக்குத்தான் ஓட்டுப் போடும் உரிமை.

அன்று வேட்பாளர் இருவருக்கும் ஆளுக்கு நாற்பத்தொரு ஓட்டு. மிச்சம் செருப்புத் தைக்கும் க்ளெக் ஒருவன்தான். வேட்பாளர்களில் ஒருவன் ஊர்ப் பிரபுவின் மருமகன்; அவனுக்கு க்ளெக் போடமாட்டான் என்று ஊருக்கே தெரியும்.

"இவன் வீட்டில் அடுப்பே கிடையாது," என்றார் பிரபு. "போய்ப் பாருங்கள்."

தேர்தல் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியா க்ளெக்?"

"பிரபு சொன்னால் சரிதான் ஐயா. எனக்கு ஓட்டு வேண்டாம். ஆனால் காலையில் அவர் ஆட்கள் என் வீட்டில் புகுந்து வெள்ளிக் கிண்ணத்தைத் திருடினார்களே, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்."

கூட்டம் பிரபுவைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சிவந்தது.

"என் ஆட்களையா திருடர் என்கிறாய்? நானே கூட நின்றேன். அடுப்பை இடித்தார்கள், கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானையைக் கவிழ்த்தார்கள். வேறெதையும் தொடவில்லை."

க்ளெக் தொப்பியைக் கழற்றினான். "நான் சொன்னதுதான் தப்பு ஐயா. என் வீட்டில் ஏது வெள்ளி? அந்தக் கஞ்சிப் பானை ஒன்றுதான் இருந்தது."

அதிகாரி பேனாவை எடுத்தார். "யாருக்கு உன் ஓட்டு? பிரபுவுக்கும் கேட்கிற மாதிரி சொல்."