மந்தமான கை

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பவளக்கொடி தட்டச்சு வேலை பார்த்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த லேப்டாப் ஓர் எழுத்தைக் காட்டவே திணறும். ஒருநாள் மேலாளர் ஞானசிகாமணி தாளாளர் அம்மாவை அழைத்துவந்து அவள் எதிரிலேயே சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். இந்தப் பொண்ணு கைதான் மந்தம். இன்னியோட நிறுத்திடலாம்."

பவளக்கொடி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேகம்னா என்னன்னு ஒரு தடவை காட்டுங்க சார். பாத்துட்டுப் போயிடுறேன்."

அவர் மிடுக்காக உட்கார்ந்து தன் பெயரை அடித்தார். திரையில் 'ஞா' மட்டும் வந்து நின்றது. மூவரும் காத்திருந்தார்கள்.

"உங்க கையும் மந்தமா சார்?" என்று பணிவாகக் கேட்டாள்.

தாளாளர் சிரிக்கவில்லை. "என்னம்மா கோளாறு?"

பவளக்கொடி செட்டிங்ஸைத் திறந்து, மின்சேமிப்பில் இருந்ததை முழு வேகத்துக்கு மாற்றினாள். எழுத்துகள் ஓடின.

"தெரிஞ்சும் ஏன் மாத்தல?"

"கரண்ட் மிச்சம் பண்ண இப்படித்தான் வைக்கணும், தொட்டா வேலை போயிடும்னு சார் கையெழுத்துப் போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்காரு மேடம்."

தாளாளர் அதைப் படித்தார். மேலாளர் தலை கவிழ்ந்தது.

"இதுல முன்னாடி யாரு வேலை பாத்தது?"

"அருளப்பன் அண்ணன். கை மந்தம்னு அனுப்பிட்டாங்க."

தாளாளர் உடனே போன் போட்டார். அருளப்பனின் மனைவிதான் எடுத்தாள். திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் போகிறாராம்.

"திரும்ப வேலைக்கு வரச் சொல்லும்மா."

"வரமாட்டாருங்க. கம்ப்யூட்டருக்கு நான் லாயக்கில்லைன்னு அவரே நம்பிட்டாரு."