ரெண்டு கட்டை மேல் நின்ற நடேசலிங்கம்

பூந்தாழையில் ஓர் இன்னிசைக் குழு இருந்தது. குழுவில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்திருந்தாலும் இந்தக் கதை நடந்திருக்காது. அது இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தலைவர் ஆபத்சகாயம், கீபோர்டு வாசிப்பவர். குழுவின் பெயரும் 'ஆபத்சகாயம் பார்ட்டி'தான். பக்கிரிசாமி டிரம்ஸ் அடிப்பார். மரியதாஸ் பேஸ் கிடார். 'டும் டும்' என்று அடியில் உறுமுகிற, நாலே கம்பி உள்ள கிடார். பாடகர் நடேசலிங்கம். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்வது என்பது இவர்களுடைய கொள்கை.

ஒரு காதுகுத்தில் வீட்டுக்காரர் வந்து, "கொஞ்சம் அடக்கி வாசிங்கப்பா" என்றார். பக்கிரிசாமி மூச்சை அடக்கி வாசித்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் டிரம்ஸ் மேலேயே மயங்கி விழுந்துவிட்டார். இன்னோர் ஊரில், "வந்த கூட்டத்தை அப்படியே கட்டிப்போடணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆபத்சகாயம் தாம்புக்கயிறு வாங்கிக்கொண்டு போனார். முன்வரிசையைக் கட்டி முடிப்பதற்குள் சனங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஊரில் அதற்கப்புறம் இவர்களை யாரும் கூப்பிடவில்லை.

நடேசலிங்கத்துக்கு அப்போது வயது முப்பத்தாறு. பெண் பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போனது. கடைசியாக ரைஸ்மில் வைத்திருக்கும் ரத்தினசபாபதி மட்டும் வாசற்கதவைச் சாத்தவில்லை. "பையன் பாடுவான்னு சொல்றாங்க. ஐப்பசியில ஒரு கல்யாண வரவேற்புல பாடுறானாமே, குடும்பத்தோட வந்து கேக்குறோம். கேட்டுட்டுப் பேசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். அவர் மகள் தில்லைநாயகியை நடேசலிங்கம் ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இந்த ஒரு கச்சேரி கெட்டுப்போனால் இனி தனக்குக் கல்யாணமே இல்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பாவம், அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

கச்சேரி அன்று மத்தியானம் முழுக்க மழை. மண்டபத்து வாசலில் தகரம் அடித்துப் போட்ட மேடை சொதசொதவென்று இருந்தது. நடேசலிங்கம் ஒத்திகை பார்க்க மைக்கைப் பிடித்து "ஹலோ" என்றார். 'ஹ' மட்டும்தான் வந்தது. 'லோ' வருவதற்குள் கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ப் பக்கிரிசாமியின் மடியில் உட்கார்ந்தார்.

"என்னடா?" என்றார் ஆபத்சகாயம்.

"மைக்கு கடிக்குதுண்ணே."

நாலு பேரும் மைக்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பல்லு ஒண்ணும் தெரியலையே" என்றார் மரியதாஸ்.

"அந்த வலைக்குள்ள இருக்கும்" என்றார் பக்கிரிசாமி.

மைக் செட்டுக்காரர் ஜபருல்லா பாய் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டரின் பிடிக்குள் இருந்த குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் முகம் மாறியது.

"எர்த் இல்ல, அதான் ஷாக் அடிக்குது. ஜெனரேட்டர் லைன்ல பேஸ் வேற இடம் மாறிக் கெடக்கு. மேடை பூரா ஈரம். நான் கடைக்குப் போயி கம்பி எடுத்தாந்து சரி பண்ணித் தர்றேன். அது வரைக்கும் எவனும் மைக்கைத் தொடாதீங்க. வீட்டுக்காரங்க ரொம்ப அவசரப்படுத்துனா, ரெண்டு கட்டையைப் போட்டு அது மேல நின்னு பாடச் சொல்லுங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். நாலு முட்டாள்களிடம் நாலு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று எனக்கும் அவர் மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

ஆபத்சகாயம் குழுவைக் கூட்டினார். "மொதல்ல பேஸு. அது இடம் மாறிக் கெடக்குங்கிறாரு."

மின்சாரக்காரர்கள் பேஸ் என்று சொல்வது கரண்ட் வருகிற கம்பியை. இந்த நால்வருக்கும் தெரிந்த பேஸ், மரியதாஸின் தோளில் தொங்கியது.

"நான் எங்கண்ணே இடம் மாறுனேன்?"

"எப்பவும் எனக்கு எடது பக்கம் நிப்ப. இன்னிக்கு வலது பக்கம் நிக்கிற."

"அந்தப் பக்கம் ஒழுகுதுண்ணே."

"நீ நனையலாம்டா. அவன் சாகலாமா?"

மரியதாஸ் நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, ஒழுகும் இடத்தில் போய் நின்றார். நடேசலிங்கம் ஒரு விரலால் மைக்கைத் தொட்டுப் பார்த்தார். கடித்தது.

"அடுத்தது எர்த்து. எர்த்துன்னா பூமி. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்" என்றார் ஆபத்சகாயம்.

பக்கிரிசாமி கலங்கிப் போனார். "அது இல்லேன்னுட்டாரேண்ணே. பூமி இல்லேன்னா நாம எதுல நிக்கிறோம்?"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். காலுக்கடியில் தகரம்தான் இருந்தது. பாய் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள். மண்டபத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு சட்டி நிறைய மண் அள்ளி வந்து, மைக் ஸ்டாண்டை அதில் நட்டார்கள். நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா? பக்கிரிசாமி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். அது சட்டியில் நிறைந்து, மேடையெல்லாம் ஓடி, நடேசலிங்கத்தின் காலை நனைத்தது. இந்தத் தடவை கடி முழங்கை வரைக்கும் போனது.

"களிமண்ணு. அதான் கேக்க மாட்டேங்குது. வண்டலா இருந்தா இந்நேரம் கேட்டிருக்கும்" என்றார் ஆபத்சகாயம். "சரி, கட்டைக்கு வருவோம்."

இங்கேதான் நடேசலிங்கத்துக்கு முகம் சுண்டியது. பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஒரு கட்டை, ரெண்டு கட்டை என்று எண்ணிக்கை ஏற ஏறச் சுருதியும் ஏறும். நடேசலிங்கத்துக்கு இருந்த சொத்து, புகழ், ஜாதகம் எல்லாமே அந்த அஞ்சு கட்டைக் குரல்தான்.

"ரெண்டு கட்டையிலயா பாடுறது? பொண்ணோட அப்பா என்னண்ணே நெனைப்பாரு?"

"மைக் செட்டுக்காரன் சொன்னா அதுல விஷயம் இருக்கும். இரு" என்ற ஆபத்சகாயம், ஸ்பீக்கரில் காதை வைத்தார். உள்ளே கரண்ட் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திச் சேர்த்துப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன.

"டேய், கரண்டும் அஞ்சு கட்டைடா."

மூன்று பேரும் ஸ்பீக்கரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

"அதுவும் அஞ்சு, நீயும் அஞ்சு. தனக்குப் போட்டியா ஒருத்தன் வந்துட்டான்னுதான் அது உன்னை அடிக்குது. நீ ரெண்டுக்கு எறங்கிட்டேன்னா அது பாட்டுக்கு அது, உன் பாட்டுக்கு நீ."

"அது மேல நிக்கணும்னாரே?"

"ரெண்டுக்குக் கீழ போயிடாதேன்னு அர்த்தம்."

மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றாயிற்று. வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டி அவசரப்படுத்தினார். முன்வரிசையில் ரத்தினசபாபதியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாம்பழ நிறப் புடவையில் தில்லைநாயகி. நடேசலிங்கத்துக்கு மைக் பயம், மாமனார் பயம் இரண்டும் சேர்ந்துகொண்டன. பாய் தொடக் கூடாது என்றிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரெண்டு கட்டையில் ஒரு சாமி பாட்டை ஆரம்பித்தார்.

கிணற்றுக்குள் விழுந்தவர் மேலே இருப்பவர்களை நலம் விசாரிப்பது போல இருந்தது. கூட்டம் பந்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. ரத்தினசபாபதி மனைவியிடம், "பையனுக்கு உடம்பு சரியில்ல போல" என்றார். தில்லைநாயகி கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நடேசலிங்கம் பார்த்துவிட்டார். பார்த்ததும் பாய் சொன்னது, அண்ணன் சொன்னது எல்லாம் மறந்து போனது. வழக்கமான பாடகரைப் போல, உருகி, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தார்.

அவர் குரல் ரெண்டு கட்டையில் இருந்து கிளம்பி, அஞ்சைத் தாண்டி, கீபோர்டிலேயே இல்லாத ஒரு இடத்துக்குப் போனது. அங்கே போய் நிற்காமல் சிலிர்த்து, உதறி, நொறுங்கி விழுந்தது. அப்படி ஒரு பிருகாவை அந்த ஜில்லாவில் யாரும் கேட்டதில்லை. கூட்டம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. ரத்தினசபாபதி தொடையில் தட்டி, "சாரீரம்னா இது சாரீரம்" என்றார்.

நடேசலிங்கத்தால் கையை எடுக்க முடியவில்லை. மைக் அவரைப் பிடித்துக்கொண்டது.

"விடுறா, போதும்" என்று பக்கிரிசாமி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். இழுத்தவரும் அங்கேயே ஒட்டிக்கொண்டு ஆடினார். பக்கிரிசாமியை இழுக்கப் போன மரியதாஸும், மரியதாஸை இழுக்கப் போன ஆபத்சகாயமும் வரிசையாக நின்று தோளைக் குலுக்கினார்கள். நாலு பேரும் ஒரே தாளத்தில் ஆடியது அந்தக் குழுவின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் இருந்த இளவட்டங்களும் அதே மாதிரி தோளைக் குலுக்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நாலு வீட்டில் அழுகைதான். நல்ல வேளையாக ஜபருல்லா பாய் வந்து சேர்ந்தார். மேடையைப் பார்த்ததும் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார். விளக்கெல்லாம் போயின. மேடையில் நாலு பேரும் பொத்தென்று விழுகிற சத்தம் இருட்டில் கேட்டது.

பெட்ரோமாக்ஸ் வந்தது. நாலு பேருக்கும் உயிர் இருந்தது. பாய் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"செத்துருப்பீங்களேடா. கட்டையைப் போட்டு நிக்கச் சொன்னேனா இல்லையா?"

"ரெண்டு கட்டையிலதான் பாய் நின்னேன். நடுவுல தன்னை மறந்து மேல ஏறிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார் நடேசலிங்கம்.

"நான் சொன்னது மரக்கட்டைடா."

நால்வரும் யோசித்தார்கள். பக்கிரிசாமி மெதுவாக, "அது எத்தனாவது கட்டைண்ணே?" என்று கேட்டார்.

"கேரளாப் பக்கத்துச் சுருதியா இருக்கும்" என்றார் ஆபத்சகாயம்.

பாய் பேச்சை நிறுத்திவிட்டு எர்த் போடப் போனார். அந்த நேரம் பார்த்து ரத்தினசபாபதி குடும்பத்தோடு மேடைக்கு வந்தார். நடேசலிங்கம் எழுந்து, கலைந்த தலையை ஈரக் கையால் வாரிக்கொண்டார். தில்லைநாயகி புடவைத் தலைப்பைத் திருகியபடி அவரிடம் நேராகவே சொன்னாள்.

"நீங்க உச்சத்துல பாடுனப்ப, எனக்கு ஒடம்பெல்லாம் கரண்ட் பாஞ்ச மாதிரி இருந்துச்சுங்க."

ஒரு பெண் இதற்கு மேல் எப்படிச் சொல்வாள்? நடேசலிங்கம் வெளிறிப் போனார்.

"அண்ணே, இவங்களுக்கும் பாஞ்சிருக்கு."

"முன்வரிசை வரைக்கும் போயிருக்கா?" என்று பதறினார் ஆபத்சகாயம்.

நடேசலிங்கம் ஓடிப்போய்ப் பாயின் சட்டைப்பையில் இருந்து டெஸ்டரை உருவி வந்து, "கையை நீட்டுங்க" என்றார். வளையல் போட்டுக்கொள்ள நீட்டுவது போல அவள் நீட்டினாள். டெஸ்டரை மணிக்கட்டில் வைத்தார். விளக்கு எரியவில்லை. எடுத்து மறுபடி வைத்தார். அப்போதும் எரியவில்லை.

"எரியலையே. அப்ப சும்மாத்தான் சொன்னீங்களா?"

"சத்தியமாப் பாஞ்சுதுங்க" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டியது.

ரத்தினசபாபதி குறுக்கே வந்தார். "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. உங்க டெஸ்டருலதான் கோளாறு. வெள்ளிக்கிழமை நல்ல நாளு. எங்க வீட்டுக்கு வாங்க, மொறைப்படி வெச்சுப் பாத்துடலாம்."

அவரைப் பார்த்ததும் நால்வருக்கும் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை போனார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், நடுவில் சந்தனப் பொட்டு வைத்த ஒரு புது டெஸ்டர். விஷயம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று ஜபருல்லா பாயையும் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார்கள். தில்லைநாயகி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெட்கத்தோடு பின்னால் போய், கூடத்து மூலையில் இருந்த பழைய ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடேசலிங்கம் சாமியை வேண்டிக்கொண்டு டெஸ்டரை அவள் கையில் வைத்தார்.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

"சுர்ருனு இருக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டாள் தில்லைநாயகி. அவள் அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டார். ரத்தினசபாபதி எழுந்து நடேசலிங்கத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஃபிரிட்ஜு லீக் ஆகுது. கையை எடும்மா" என்று கத்தினார் பாய்.

அவள் கையை எடுத்தாள். விளக்கு அணைந்தது. அவள் அம்மா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார். நடேசலிங்கம் பாயை ஒரு பார்வை பார்த்தார். அவள் பயந்துபோய் மறுபடி கைப்பிடியைத் தொட்டாள். விளக்கு எரிந்தது. எல்லாருக்கும் உயிர் வந்தது. பாய் தன் காபியைக் குடிக்காமலே செருப்பைத் தேடிப் போனார்.

"அப்புறம், சீரு செனத்தி என்ன எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டார் ரத்தினசபாபதி.

நாலு பேரும் வாசலுக்குப் போய்த் தலையைச் சேர்த்து வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்து ஆபத்சகாயம் சொன்னார்: "நகை நட்டு ஒண்ணும் வேண்டாங்க. அந்த ஃபிரிட்ஜை மட்டும் குடுத்துடுங்க."

ரத்தினசபாபதி சங்கடப்பட்டார். "அது ரொம்பப் பழசுங்க. குளிர்றதே இல்ல. தொட்டா வேற கடிக்கும்."

"கடிக்கட்டும் மாமா" என்றார் நடேசலிங்கம். "அது கடிக்கிற வரைக்கும்தானே நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்க முடியும்."