மலையேறிய விளக்கு

"வானம் நாளுக்கு நாள் விரியுதாமே சாமி. அப்ப எம்பொண்ணு இன்னும் தூரமாப் போறாளா?"

மடத்துப் படியில் உட்கார்ந்து மரிக்கொழுந்து கேட்டாள்.

சாமிக்கு அவளைவிட வயது குறைவு. முறத்தில் பயறு வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா?"

"ரேடியோவுல."

"ரேடியோ உங்க பொண்ணு பேரைச் சொல்லுச்சா?"

அவள் சிரிக்கவில்லை.

மகள் வேணி காய்ச்சலில் போனபோது மூன்று வயது. துக்கத்துக்கு வந்த படித்தவர் ஒருவர், "அழாதே தாயி. நட்சத்திரமாயிட்டா. கிட்டக்கதான், நாலே ஒளியாண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழவில்லை. ஆண்டை எண்ணினாள். வருஷத்துக்கு ஒருதரம் வேணியின் பாவாடை ஓரத்தைப் பிரித்து, ஒரு விரல் இறக்கித் தைத்தாள். வளர்ந்திருப்பாளே.

பாவாடை இப்போது மடியில் இருந்தது.

"நேத்தோட நாலு ஆண்டு முடிஞ்சுது. அவ வரலை. வழி நீண்டுபோச்சா சாமி?"

சாமியின் கை பயற்றில் நின்றது.

"ஒளியாண்டுங்கறது ஆண்டு இல்லம்மா. தூரம். வெளிச்சம் ஒரு வருஷம் நிக்காம ஓடினா எவ்வளவு போகுமோ, அவ்வளவு."

"காத்திருந்தா குறையாதா?"

"குறையாது."

அவள் பாவாடை ஓரத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"விரியறது?"

"அது எங்கேயோ ரொம்பத் தொலைவுல. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கிறதை அது பிரிக்காது."

"நான் எங்க பிடிச்சிருந்தேன்? அவ பக்கத்துல விளக்கேத்தி வச்சுட்டுக் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்த்தா விளக்கு மலையேறிடுச்சு. அவளும்."

அணைந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அந்த ஊரில் யாருக்கும் வராது.

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"திறந்துதான் கிடந்துச்சு. பிள்ளைக்குப் புழுக்கமா இருந்துச்சே."

"அது வழியாப் போன வெளிச்சம் எங்கே?"

"விளக்குதான் மலையேறிடுச்சே சாமி."

"விளக்கு ஏறிடுச்சு. கிளம்பின வெளிச்சம்?"

அவள் யோசித்தாள்.

"நிக்காதா?"

"அதுக்கு நிக்கத் தெரியாது."

"நாலு ஆண்டாவா ஓடுது?"

"நாலு ஆண்டா."

"அப்படின்னா எவ்வளவு தூரம் சாமி?"

"நாலு ஒளியாண்டு."

மடித்த ஓரம் அவள் கையிலிருந்து நழுவியது.

"நேத்தா அவகிட்டப் போய்ச் சேர்ந்துச்சு?"

"நேத்து."

அவள் பாவாடையை முகத்தில் வைத்துக்கொண்டாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது.

சாமி பயற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.