தீவைச் சுத்தின நீல வாளி

கொசுவலைக்குள்ள வந்துட்டியா? காலை உள்ள இழுத்துக்கோ. அத்தை கதை சொல்லுவேன், நீ "ம்" போடணும். "ம்" நின்னா கதையில வர்ற படகும் நின்னுடும். சரியா?

"ம்."

ஒரு கடல்ல ஒரு தீவு. கவுத்துப் போட்ட கொட்டாங்கச்சி மாதிரி குட்டியூண்டு தீவு. அதனால அதுக்குப் பேரே கொட்டாங்கச்சித் தீவு. கிழக்குத்தெரு ஒண்ணு, மேற்குத்தெரு ஒண்ணு, நடுவுல ஒரு உப்புக்கிணறு. அவ்வளவுதான் ஊரு. கிழக்குத்தெருவுல யாராவது தும்மினா மேற்குத்தெருவுல "நூறு"ன்னு சொல்லுவாங்க.

அந்தத் தீவுல ஒரு வழக்கம். ஒரு வீட்டுலேருந்து பாத்திரம் வந்தா, அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கவே கூடாது. குழம்பு வந்த சட்டியில ரெண்டு அதிரசம் போகும். அதிரசம் வந்த தட்டுல நாலு வாழைக்காய் போகும். ஒண்ணுமே இல்லையா, ஒரு சிட்டிகை உப்பாவது போட்டுத்தான் கொடுப்பாங்க.

கிழக்குத்தெருவுல பிரகாசின்னு ஒரு அம்மா. காப்பிக்கடை வச்சிருந்தா. மேற்குத்தெருவுல சலேத்துன்னு ஒரு அம்மா, மீன்குழம்பு வச்சு விப்பா. ரெண்டு பேருக்கும் மூணு வருஷமா பேச்சே கிடையாது. ஏன் தெரியுமா? பிரகாசி கொடுத்தனுப்பின சட்டியை சலேத்து மறந்துபோய் வெறும் சட்டியா திருப்பி அனுப்பிட்டா. ஒரு சட்டிக்கு மூணு வருஷம்!

"ம்."

அப்புறம், அந்த உப்புக்கிணத்துத் தண்ணியைக் குடிக்க முடியாது. அதுல காப்பி போட்டா கருவாட்டுக் குழம்பு மாதிரி இருக்கும். அதனால சனிக்கிழமைக்கு சனிக்கிழமை கரையிலேருந்து ஒரு படகு வரும். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு! பீப்பாய் பீப்பாயா நல்ல தண்ணி, அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அதுலதான் வரும். படகு ஓட்டறவன் பேரு கயித்தான். பெரிய மீசை. அந்த மீசையில எப்பவும் ரெண்டு துளி கடல் தண்ணி தொங்கும்.

அந்தச் சாமானெல்லாம் எதுல வரும்? கவர்ல வரும், பாட்டில்ல வரும், பாக்கெட்ல வரும். காலி ஆனதும் ஊர்க்காரங்க என்ன செய்வாங்க? சர்ர்ருன்னு கடல்ல வீசிடுவாங்க. தாத்தா காலத்துலேருந்து தேங்காமட்டையையும் மீன்தலையையும் அப்படித்தான் வீசுவாங்க. கடலும் தின்னுட்டு ஏப்பம் விடும். ஆனா பிளாஸ்டிக்கைக் கடல் தின்னுமா? த்தூன்னு துப்பிடும்.

ஒருநாள் பிரகாசியோட நீல வாளிக்குப் பிடி உடைஞ்சுபோச்சு. டமார்னு கடல்ல வீசினா. நீரோட்டம் அதை இழுத்துக்கிட்டு தீவைச் சுத்தி மேற்குத்தெருவுல கொண்டுபோய் விட்டுச்சு.

சலேத்து பாத்தா. "பாத்தீங்களா இந்தக் கிழக்குத்தெரு ஆளுங்களை! அவங்க குப்பையை நம்ம வாசல்ல தள்ளுறாங்க!"ன்னு சொல்லி, அவளும் தூக்கிக் கடல்ல வீசினா.

மறுநாள் வாளி சொய்ங்னு பிரகாசி வீட்டுக்கே வந்துச்சு. பிரகாசிக்கு வந்துச்சே கோபம்! "மேற்குத்தெரு வாளி! அதுவும் என் வாளி மாதிரியே நீலம்! என் வாளி மாதிரியே பிடி உடைஞ்சது! என்னைப் பாத்து அதே மாதிரி உடைச்சிருக்காளுங்களே!"

"அது பிரகாசியோட வாளியேதானே அத்தை?"

உனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியலையே. மறுபடியும் வீசினா. வாளி தீவைச் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

அப்போ ஒரு சனிக்கிழமை. படகு வருது. டுக்கு டுக்கு டுக்கு... கர்ர்ர்... க்ளக்! நின்னுபோச்சு. கயித்தான் குனிஞ்சு பாத்தா, மோட்டார் காத்தாடியில கவரு கவரா சுத்திக்கிட்டு, மாட்டுப் பொங்கல் மாடு மாதிரி மாலையோட நிக்குது. கத்தியை எடுத்து அறுத்து அறுத்து அவனுக்குக் கை ஓஞ்சுபோச்சு.

"இதோ பாருங்க, இன்னும் மூணு சனிக்கிழமை பாப்பேன். மூணு தடவையும் இதே கதைன்னா கும்பிடு போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க உப்புக்கிணறாச்சு"ன்னுட்டான்.

பிரகாசி விரலை மடக்கிக் கணக்குப் போட்டா. படகு வரலைன்னா தண்ணி இல்ல. தண்ணி இல்லைன்னா காப்பி இல்ல. கடையை மூடணும். ஏன், தீவையே மூடிட்டுப் போகணும்!

"ம்."

தலைவர் தொம்மை ஊரைக் கூட்டினாரு. முடியெல்லாம் கருகருன்னு இருக்கும் அவருக்கு. அறுபது வயசுல ஒரு நரை கிடையாது, அதுல பெரிய பெருமை. "கிட்டக்க வீசறதுனாலதான் திரும்பி வருது. தூரமா வீசுவோம்"னாரு. எல்லாக் குப்பையையும் வள்ளத்துல ஏத்திக்கிட்டு நடுக்கடலுக்குப் போய்க் கொட்டினாங்க. சந்தோஷமா பாட்டுப் பாடிக்கிட்டே திரும்பி வந்தாங்க. வந்து பாத்தா, குப்பை அவங்களுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு! முதல் வரிசையில நீல வாளி. சனிக்கிழமை படகு கர்ர்ர்... க்ளக்! ஒண்ணு.

அப்புறம், "மண்ணுல புதைப்போம்"னாங்க. கடற்கரை பூரா குழி. தொப்பு தொப்புன்னு போட்டு மூடினாங்க. நண்டுங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. எங்க வீட்டுக்குள்ள என்னடா உங்க குப்பைன்னு கிறுகிறுகிறுன்னு தோண்டித் தோண்டி வெளிய தள்ளிச்சு. பௌர்ணமி அன்னைக்குப் பெரிய அலை வந்து மிச்சத்தை வாரிக்கிட்டுப் போச்சு. சனிக்கிழமை கர்ர்ர்... க்ளக்! ரெண்டு.

"மூணு?"

அவசரப்படாதே. மூணாவது வாரம் "கொளுத்துவோம்"னாங்க. குபுகுபுகுபுன்னு கரும்புகை. கோழியெல்லாம் லொக்கு லொக்குன்னு இருமுது. காயப் போட்ட கருவாட்டுல செருப்பு வாசனை வருது. எல்லார் மூக்கும் கறுப்பு. அந்த நேரம் பாத்து கயித்தான் வர்றான். புகையில கரை தெரியுமா? தெரியல. டம்முனு மணல் திட்டுல ஏத்திட்டான். பீப்பாய் உருளுது, அரிசி மூட்டை உருளுது, கயித்தானும் உருளுறான்.

எழுந்து மீசையைத் துடைச்சான். சத்தம்கூடப் போடல. "சாமானை இறக்கிக்கோங்க. நான் வர்றேன். இனிமே வரமாட்டேன்." அவ்வளவுதான் சொன்னான். எல்லாரும் சேர்ந்து படகைத் தண்ணியில தள்ளி விட்டாங்க. கடைசியா வந்த தண்ணியைப் பிரகாசி பாத்துக்கிட்டே நிக்கிறா. எண்ணி ஆறு பீப்பாய்.

அப்போ அவ முழங்கால்ல டொக்குன்னு என்னமோ இடிச்சுது. என்ன சொல்லு?

"வாளி!"

வாளியேதான்! பிரகாசி கோபமா அதைத் தூக்கினா. வாளிக்குள்ள துள்துள்துள்! ஒரு குட்டி வெள்ளி மீன். பிரகாசி மீனைப் பாத்தா, கடலைப் பாத்தா. "அட, கடலம்மாகூட வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கல!"ன்னா. அப்புறம் நிமிந்து படகைப் பாத்தா. பெரிய படகு, உள்ள ஒண்ணுமே இல்லாம காலியா கிளம்புது.

"மீன் செத்துப்போச்சா?"

இல்லடா, அதை முதல்ல கடல்ல விட்டுட்டா. விட்டுட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில ஓடிப்போய் படகுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏலேய் கயித்தான், நில்லு! உங்கம்மா எந்த ஊர்க்காரி?"

"இந்த ஊருதான்க்கா. ஏன்?"

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தா அவ என்ன செய்வா?"

"கரண்டியைத் தூக்கிக்கிட்டு வருவா."

"வாராவாரம் படகு நிறைய சாமான் கொண்டு வர்றே. நாங்க வெறும் படகாவா திருப்பி அனுப்புறது? இத்தனை வருஷமா எங்க புத்தி எங்கடா போச்சு! அந்தப் பாட்டிலு, கவரு, டப்பா எல்லாத்தையும் உன் படகுலயே ஏத்தி விடறோம்."

கரையிலேருந்து சலேத்து கத்தினா, "நல்லாருக்கே நியாயம்! பாத்திரத்துல குப்பையைப் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாங்களா?"

மூணு வருஷத்துல பிரகாசிகிட்ட அவ பேசின முதல் பேச்சு அதுதான்.

"அழுக்கா இருந்தாத்தான் குப்பை சலேத்து. கழுவிக் காய வச்சுப் பிரிச்சுக் கட்டினா அது பழைய சாமான்! கரையில ஒருத்தரு சைக்கிள்ல கத்திக்கிட்டே போவாருல்ல, பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம், பேரீச்சம்பழம்னு? அவர்கிட்ட கொடுக்கட்டும்."

கயித்தான் மீசையைத் தடவினான். "ஒரே ஒரு சனிக்கிழமை வர்றேன். வழியில மோட்டார் மாட்டக்கூடாது. பழைய சாமான்காரரு வேண்டாம்னுட்டா அதோட சரி. நானும் வரமாட்டேன், தண்ணியும் வராது."

"ம்ம்."

தூங்கிட்டியா? இல்லையா? சரி. அப்புறம் ஒரு வாரம் ஊரே கடல்ல இறங்கிக் குப்பையை அரிச்சுது. கிழக்கும் மேற்கும் ஒண்ணா உக்காந்து உப்புத்தண்ணியில கழுவு கழுவுன்னு கழுவிச்சு. அப்பத்தான் வெளிய வந்துச்சு ரகசியமெல்லாம்! ஒரு மூட்டையில, நரைமுடிக்குப் பூசற கறுப்பு மைப் பாக்கெட் அம்பது. அந்த அம்பதும் தலைவர் வீட்டு ஓலைப்பெட்டியோட இருந்துச்சு. ஊரே திரும்பி அவர் தலையைப் பாத்துச்சு. தொம்மை உடனே துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிட்டாரு.

அப்புறம் சலேத்து கையில ஒரு பாக்கெட் மாட்டிச்சு. சிக்கரித்தூள். "சுத்தமான காப்பின்னு சத்தியம் பண்ணுவியே பிரகாசி, இது என்ன?"

பிரகாசி சும்மா இருப்பாளா? அவ கையில இருந்தது மீன்குழம்பு மசாலாப் பாக்கெட். "கையால அரைச்ச மசாலான்னு சொல்லுவியே, இது எந்தக் கை?"

ரெண்டு பேரும் முறைச்சாங்க. அப்புறம் க்ளுக்னு ஒருத்தி சிரிச்சா. இன்னொருத்தியும் சிரிச்சா. ரெண்டு பாக்கெட்டும் சத்தமில்லாம ஒரே மூட்டைக்குள்ள போயிடுச்சு.

சனிக்கிழமை வந்துச்சு. டுக்கு டுக்கு டுக்கு டுக்கு... எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. டுக்கு டுக்கு... மாட்டவே இல்ல! நேரா கரைக்கு வந்துடுச்சு. பதினேழு மூட்டை ஏத்தி விட்டாங்க.

அடுத்த சனிக்கிழமைதான் பயம். பீப்பாயில தண்ணி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. வெயில் ஏறுது, படகைக் காணோம். பிரகாசி கடைசி செம்புத் தண்ணியை அடுப்புல வைக்காம கையிலயே வச்சிருக்கா. யாரும் காப்பி கேக்கல. அப்போ தூரத்துல டுக்கு... டுக்கு டுக்கு...

கயித்தான்! முன்னாடி தண்ணி, நடுவுல அரிசி, பின்னாடி ஒரு பெரிய கூடை. "பழைய சாமான்காரரோட அம்மாவும் எங்கம்மா மாதிரிதான் போல. உங்க சாக்கை வெறுமனே அனுப்ப மனசு வரலையாம்." கூடையைத் திறந்தா, பளபளன்னு பேரீச்சம்பழம்! புள்ளைங்க வாயெல்லாம் ஒட்டிக்கிச்சு. மூணு நாளைக்கு ஊருல சத்தமே இல்ல.

அப்புறம் பிரகாசி யோசிச்சா. "கவர்ல வாங்குவானேன், அப்புறம் கழுவுவானேன்? எண்ணெய்க்கு நம்ம டின், சர்க்கரைக்கு நம்ம ஓலைப்பெட்டி. அதையே படகுல கொடுத்து விடுவோம்"னா. சரின்னாங்க. தோலையும் மீன்தலையையும் தென்னங்குழியில போட்டாங்க, தென்னை குண்டாச்சு. வர வரக் குப்பையே சேரல. ஒரு சனிக்கிழமை பாத்தா அரை மூட்டைகூட இல்ல!

புள்ளைங்க "பேரீச்சம்பழம் வராதா?"ன்னு ஒரே அழுகை. தலைவருக்கும் கவலை. "படகு வெறுமனே போகுதே!"

சலேத்து கூடை நிறைய நல்ல கருவாடு ஏத்தினா. பிரகாசி ஒரு கெட்டில் காப்பி கொடுத்தா, சிக்கரி இல்லாதது. பேரீச்சம்பழம் மறுபடியும் வந்துச்சு.

"அந்த வாளி?"

அட, மறக்கலையா நீ! அதுக்குப் பிரகாசி கயித்துல பிடி கட்டிட்டா. அதுக்குள்ள காப்பிச் செம்பை வச்சு மேற்குத்தெருவுக்கு அனுப்புவா. சலேத்து அதுல மீன்குழம்புச் சட்டியை வச்சுத் திருப்பி அனுப்புவா. முதல் தடவை மட்டும் ரெண்டு சட்டி வந்துச்சு. ஒண்ணு அன்னைக்கு உள்ளது. இன்னொண்ணு மூணு வருஷத்துக்கு முந்தின பாக்கி. வாளி இன்னும் தீவைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. கடல்ல இல்ல, தெருவுல.

"ம்..."

என்ன "ம்"? கதை கொண்டு வந்த அத்தையை வெறுங்கையோடவா திருப்பி அனுப்பறது?

"ச்சப்!"

அது! கன்னமெல்லாம் எச்சில். படகு கரை ஏறிடுச்சு, கதை வாளியைக் கவுத்தாச்சு, கண்ணு ரெண்டையும் மூடிக்கோ.