பிஸ்கட் யாரோடு நடக்கும்?

மலையடிவாரத்தில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே வேளாண்மைப் பிரிவில் படிக்கும் மாணவிகள் ஆளுக்கு ஒரு கிடேரிக் கன்றை ஓராண்டு வளர்க்க வேண்டும். ஆண்டு முடிவில் மாவட்டக் கால்நடைக் கண்காட்சிக்கு அதைக் கூட்டிப்போய், நடுவர் முன் நடத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கிடேரி, மாடு இல்லாத ஏதாவது ஒரு குடும்பத்துக்குப் போய்விடும். முதல் பரிசு வாங்குகிற கிடேரி மட்டும் பள்ளித் தொழுவத்திலேயே தங்கும்.

தொழுவத்தைப் பார்த்துக்கொண்டவர் சலோமி டீச்சர். முப்பது வயதுதான் இருக்கும். வந்த புதிதில் வாட்ச்மேன் அவரை மாணவி என்று நினைத்து, யூனிஃபார்ம் எங்கே என்று மிரட்டியிருக்கிறார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். எந்தக் கேள்வி கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்.

"தெரியல. பாப்போம்."

நிறைமதிக்கு அந்தப் பதில் போதவில்லை. அவள் கேள்வி கேட்டே வளர்ந்தவள். அசைபோடும்போது மாடு என்ன யோசிக்கும்? கண்ணைத் திறந்துகொண்டே தூங்குமா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரியுமா?

அவளுக்குக் கிடைத்தது ஜெர்சிக் கலப்பு. மாரி பிஸ்கட் நிறம். பிஸ்கட் என்றே பெயர் வைத்தாள்.

பிஸ்கட் சாப்பிட்டது, நக்கியது, மடியில் தலை வைத்தது. கயிறு கட்டி நடத்தப் போனால் மட்டும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது.

"ஏன் டீச்சர் வர மாட்டேங்குது?"

"எப்படிக் கூப்பிட்ட?"

"இழுத்தேன். இன்னும் பலமா இழுத்தேன்."

டீச்சர் ஒரு கயிற்றை எடுத்து நிறைமதியின் இடுப்பில் கட்டினார். மறுமுனையைப் பிடித்து இழுத்தார். நிறைமதி தடுமாறி, காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றாள்.

"ஏன் வரல?"

"விழுந்துருவேன் டீச்சர்! இழுத்தா எப்படி வர்றது?"

டீச்சர் கயிற்றை லேசாக இறுக்கிவிட்டு, அப்படியே காத்திருந்தார். நிறைமதிக்கு நிற்கச் சங்கடமாக இருந்தது. ஒரு காலை முன்னால் வைத்தாள். வைத்த உடனே கயிறு தொய்ந்தது. மீண்டும் லேசாக இறுகியது. இன்னொரு அடி வைத்தாள். மீண்டும் தொய்ந்தது. கொஞ்ச நேரத்தில் தொழுவத்தின் அந்தக் கோடிக்கே வந்துவிட்டாள்.

"இப்ப ஏன் வந்த?"

நிறைமதி யோசித்தாள். "வந்தா விட்டுடறீங்க."

டீச்சர் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சாணி அள்ளப் போனார்.

அன்று சாயங்காலம் பிஸ்கட் ஓர் அடி வைத்தது. ஓர் அடிதான். நிறைமதி கயிற்றை விட்டுவிட்டு விடுதி வரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

ஆனால் ஓர் அடி ஓர் அடியாக நடத்த அவளுக்குப் பொறுமை இல்லை. சமையலறையிலிருந்து வெல்லம் எடுத்துப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே பிஸ்கட் அவள் பின்னால் ஓடி வந்தது. கேட் வரை போனால் கேட் வரை வந்தது. வகுப்பறை வாசல் வரைகூட ஒருமுறை வந்துவிட்டது.

"பாருங்க டீச்சர், நான்னா அவளுக்கு உயிரு!"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கெட்டெல்லாம் எறும்பா இருக்கே."

நிறைமதி குனிந்து தட்டிவிட்டாள்.

"அதை இப்படிக் குடு."

வெல்லத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கூப்பிடவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. பிஸ்கட் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. நிறைமதியைத் தாண்டி நேராக டீச்சரிடம் போய், சட்டைப் பையில் முகத்தை நுழைத்தது.

நிறைமதிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது.

"அப்ப அவ என்னைப் பாக்கவே இல்லையா டீச்சர்?"

"தெரியல. வெல்லம் இல்லாமப் போய்ப் பாரு."

வெல்லம் இல்லாமல் பல வாரங்கள் ஆயின. லேசான இறுக்கம், ஓர் அடி, தொய்வு. அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் பிஸ்கட் தலையை நிமிர்த்திக்கொண்டு, கயிறு தொங்கத் தொங்க, அவள் தோளுக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தது. அவள் நின்றால் நின்றது. இந்த முறை நிறைமதி ஓடிப்போய் யாரிடமும் சொல்லவில்லை. அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

மறுவாரம் டீச்சர் கயிற்றை அவளிடமிருந்து வாங்கி, சமையல்கார செல்லக்கண்ணு அக்காவிடம் கொடுத்தார்.

"இதை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கக்கா."

"ஐயோ, எனக்கு மாடுன்னா ஆகாது டீச்சர்."

"அதான் உங்ககிட்டக் குடுக்கறேன்."

அக்கா கையை முழுக்க நீட்டி, பாம்பைப் பிடித்தது போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிஸ்கட் முதலில் நின்றது. பிறகு நடந்தது.

அடுத்து பஸ் டிரைவர். அதற்கடுத்து, பார்வையாளர் நாளில் வந்த யாரோ ஒருவருடைய சித்தப்பா. நிறைமதி டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"போட்டிக்கு நான்தானே டீச்சர் கூட்டிட்டுப் போகப்போறேன்?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு எல்லார் கையிலயும் குடுக்கறீங்க?"

"நடக்குதா இல்லையான்னு பாக்கத்தான்."

"செல்லக்கண்ணு அக்காவுக்கு பயம். அது பிஸ்கட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் நடந்தா?"

"நீ இத்தனை நாளா அவகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கண்காட்சி நாள் வந்தது. நிறைமதி இருட்டு பிரிவதற்குள் எழுந்து பிஸ்கட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். குளம்பிடுக்கில் இருந்த மண்ணைப் பிரஷ்ஷால் எடுத்தாள். வால் குஞ்சத்தைத் தன் சீப்பாலேயே வாரிவிட்டாள். காதுக்குள் ஈரத் துணியால் துடைத்தபோது பிஸ்கட் தலையைச் சிலுப்பி அவள் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

"ஜெயிச்சா நீ இங்கேயே இருக்கலாம், தெரியுமா?" என்று அதன் காதில் சொன்னாள்.

மைதானத்தில் கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். நடுவர் ஒரு கால்நடை மருத்துவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். பல பள்ளிகளிலிருந்தும் மாணவர்கள் வந்திருந்தார்கள். சிலருடைய கிடேரிகள் மைக் சத்தத்துக்கு மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடின. பிஸ்கட் மிரளவில்லை. நடந்தது, நின்றது, கால்களைச் சீராக வைத்தது. நடுவர் முதுகைத் தடவிப் பார்த்தபோதும் அசையவில்லை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நிறைமதி ஒருத்தி. இன்னொருத்தி, வேறு பள்ளியைச் சேர்ந்த ஷபானா. அவளுடைய கறுப்புக் கிடேரி அழகாக இருந்தது. ஆனால் கொஞ்சம் துடியானது.

நடுவர் இருவரையும் பார்த்தார்.

"கயிறை மாத்திக்குங்க."

"சார்?"

"உங்க மாட்டை அவங்க நடத்தட்டும். அவங்க மாட்டை நீங்க நடத்துங்க."

நிறைமதி கயிற்றை நீட்டினாள். ஷபானா வாங்கிக்கொண்டாள். கறுப்புக் கிடேரியின் கயிறு இவள் கைக்கு வந்தது.

நிறைமதி இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பள்ளியில் யாரோடு நடந்திருந்தாலும், இந்தக் கூட்டத்தில் பிஸ்கட் வரமாட்டாள், நான் இல்லாமல் ஓர் அடிகூட வைக்கமாட்டாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் ஆசைப்பட்டாள்.

பிஸ்கட் தலையை நிமிர்த்திக்கொண்டு ஷபானாவின் தோளுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

நிறைமதியின் கண் அதிலேயே இருந்தது. தன் கை இறுகியது அவளுக்குத் தெரியவில்லை. கறுப்புக் கிடேரிக்குத் தெரிந்தது. அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. சட்டென்று நினைவு வந்து கயிற்றைத் தளர்த்தினாள். காத்திருந்தாள். கிடேரி நீளமாக மூச்சு விட்டு ஓர் அடி வைத்தது. பிறகு நடந்தது. ஆனால் அதற்குள் ஷபானா வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டாள்.

முதல் பரிசு ஷபானாவுக்கு.

நடுவர் நிறைமதியிடம் வந்தார். "உங்க கிடேரியை அருமையாப் பழக்கியிருக்கீங்கம்மா. இங்க வந்ததுல அதான் நல்லா நடந்த மாடு. ஆனா பரிசு நடத்துற கைக்குத்தான். கையில இருந்த மாடு நின்னப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

அவள் கறுப்புக் கிடேரியின் கயிற்றை ஷபானாவிடம் கொடுத்துவிட்டு வட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.

லாரிக்குப் பின்னால், தார்ப்பாய் நிழலில், டீச்சர் பிஸ்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நிறைமதி வந்து நின்றாள்.

"அவ நடந்துட்டா டீச்சர்."

"பாத்தேன்."

"யாரோ ஒரு பொண்ணு. பிஸ்கட் பேருகூட அவளுக்குத் தெரியாது. கூப்பிட்ட உடனே நடந்துட்டா." பிஸ்கட்டின் கழுத்தில் கையை வைத்தாள். "யார் பிடிச்சாலும் நடப்பான்னா, இந்த வருஷம் பூரா நான் அவளுக்கு யாரு?"

டீச்சர் முடிச்சை இழுத்துச் சரிபார்த்தார். வாளியில் தண்ணீர் பிடித்துவந்து பிஸ்கட் முன்னால் வைத்தார். அது குடித்து முடிக்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, பிஸ்கட்டை வாங்கிக்கொள்ள ஒரு பெண் வந்தார். பெயர் பஞ்சவர்ணம். வாய்க்கால் தாண்டி வீடு. நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மகளிர் குழுவில் மாட்டுக்காக இவர் பெயரைக் கொடுத்துவிட்டார்களே தவிர, அவர் மாட்டுப் பக்கம் போனதே இல்லை.

டீச்சர் தொட்டியடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். "மதி, நீயே குடுத்துரு" என்றார்.

பஞ்சவர்ணம் தூரத்திலேயே நின்று முந்தானையை முறுக்கினார்.

"பாப்பா, நெசத்தச் சொல்லு. எனக்கு மாட்டப் பாத்தாலே கை நடுங்குது. இது முட்டுமா?"

நிறைமதி அவரைப் பார்த்தாள்.

முட்டும் என்று சொன்னால் போதும். அந்தம்மா வந்த வழியே போய்விடுவார். வேறு ஆள் கிடைக்கும் வரை பிஸ்கட் இங்கேயே இருக்கும். ஒரு மாதம் இருக்கலாம். அடுத்த வருஷம் வரைகூட இருக்கலாம். நிறைமதி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"முட்டுமா பாப்பா?"

"முட்டாது," என்றாள் நிறைமதி.

"உதைக்குமா?"

"உதைக்காதுக்கா. காதுல தண்ணி பட்டா மட்டும் தலையைச் சிலுப்பும். அதுக்கு பயந்துடாதீங்க." கயிற்றை அவர் கையில் வைத்தாள். "இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க. லேசா ஒரு இறுக்கு, அவ்வளவுதான். அவ ஒரு அடி வெச்சதும் விட்டுடணும். உடனே விட்டுடணும், அதான் முக்கியம்."

"உடனேவா?"

"உடனே."

பஞ்சவர்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை லேசாக இறுக்கினார். பிஸ்கட் அந்தக் கையை மோந்து பார்த்தது. ஓர் அடி வைத்தது. பஞ்சவர்ணம் பதறிப்போய்க் கயிற்றைத் தளர்த்தினார்.

"வருது பாப்பா!" என்று சிரித்தார். "எங்கூட வருது!"

நிறைமதி கேட் வரைக்கும் கூடப் போனாள். அதற்கு மேல் போகவில்லை. அந்தம்மா அடிக்கொரு தரம் பிஸ்கட்டிடம் ஏதோ பேசிக்கொண்டே போனார். இருவரும் வாய்க்கால் பாலத்தில் ஏறினார்கள். பாலத்தைத் தாண்டினார்கள். சோளக்காட்டு ஓரமாகப் பாதை வளைந்த இடத்தில் முதலில் அந்தம்மா மறைந்தார். பிறகு அந்த மாரி பிஸ்கட் நிறமும் மறைந்தது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர்."

"ம்."

"ஒரு தடவைகூட அவ திரும்பிப் பாக்கல."

டீச்சர் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பித் திரும்பிப் பாக்குற மாட்டை, அந்தம்மா எப்படி வீடு கொண்டுபோய்ச் சேப்பாங்க?"