நல்ல செருப்பு போட்ட மரூலா

ஒரு கடல்ல ஒரு தீவு, அந்தத் தீவுல ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு மரூலா. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும். ஆங், அப்படி.

கிரேக்கம்னு ஒரு தேசம் இருக்கு. அங்க கடல் பூரா பொட்டு பொட்டா தீவு. மரூலா ஊரு மலை மேல, துறைமுகம் கீழ. நடுவுல படிக்கட்டு. எத்தனை படின்னு கேப்ப, முந்நூறுன்னு வச்சுக்க. வீடெல்லாம் வெள்ளை. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பாங்க. செவுரு, வாசப்படி, பூந்தொட்டி, ஒண்ண விடமாட்டாங்க. பூனை அசையாம தூங்கிச்சுன்னா அதுக்கும் ரெண்டு இழுப்பு விழும்.

மரூலாவுக்கு வயசு அறுபது. தனியா இருந்தா. தினம் காலையில ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டு சரக் சரக்னு படி இறங்குவா. கீழ ரொட்டி வாங்குவா, கடல ஒரு பார்வை பாப்பா, தஸ்ஸு புஸ்ஸுன்னு மேல ஏறுவா. சாயங்காலம் ஊரே நடக்கும். கோயில்லேருந்து மாவு மில்லு வரைக்கும் போவாங்க, திரும்புவாங்க, மறுபடி போவாங்க. எதுக்குன்னா எதுக்கும் இல்ல. அதுலயும் மரூலா உண்டு. அது அவங்க வழக்கம், நாம என்ன சொல்றது.

அவளுக்கு ஒரு அக்கா, கத்தீனான்னு பேரு. பக்கத்துத் தீவுல இருந்தா. ரெண்டு பேருக்கும் ஏழு வருஷமாப் பேச்சு இல்ல. என்ன சண்டைன்னா, அவங்க அம்மா செத்து நாப்பதாம் நாள் சாப்பாட்டுல, மரூலா சுட்ட ரொட்டி அடி கருகிப் போச்சுன்னு கத்தீனா எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. அவ்ளோதான். அவ முதல்ல பேசட்டும்னு இவ, இவ முதல்ல பேசட்டும்னு அவ. பெரியவங்களுக்கு இருக்கிற அறிவு அப்படி.

ம்?

அப்புறம் ஒரு நாள், ரொட்டிக்கடைக்காரன் சொன்னான், "மரூலாம்மா, உங்க அக்கா இன்னிக்கு மத்தியானக் கப்பல்ல போறாங்களாம். ஆஸ்திரேலியாவுக்கு, மகன்கிட்ட. இனிமே திரும்ப வரமாட்டாங்களாம். கப்பல் இங்க பத்து நிமிஷம் நிக்கும்."

"போகட்டும், எனக்கென்ன"ன்னு சொல்லிட்டு ரொட்டிய வாங்கிக்கிட்டு வந்துட்டா மரூலா.

வந்தவ சும்மா இருந்தாளா? ஜன்னல்கிட்ட போனா, வந்தா. போனா, வந்தா. போகலாமா, வேணாமா. மத்தியானம் ஆச்சு. பூ...ம்ம்னு கப்பல் ஊதிச்சு. இன்னிக்கு விட்டா அக்கா முகத்த இனிமே பாக்க முடியாதுன்னு அப்போதான் அவளுக்கு உறைச்சுது.

அப்போ ஒரு தப்பு பண்ணா. ரப்பர் செருப்ப விட்டுட்டு, பெட்டியில இருந்த நல்ல செருப்ப எடுத்துப் போட்டா. கறுப்புத் தோலு, வார் வச்சது, பளபளன்னு இருக்கும். நாம நல்லாத்தான் இருக்கோம்னு அக்கா பாக்கணும்ல, அந்த வீம்பு.

அதுல என்ன தப்புன்னு கேளு. அந்த ஊர்ல நல்ல செருப்பு போட்டுக்கிட்டுப் படி இறங்கினா, பயணம் போறாங்கன்னு அர்த்தம். பயணம் போறவங்க வாய் இனிக்காம ஊரு தாண்டக்கூடாது. வாசலுக்கு வாசல் ஒரு ஸ்பூன் பழப் பாகு, ஒரு டம்ளர் தண்ணி. முழுசா சாப்பிடணும், முழுசா குடிக்கணும், "உன் கை நல்லாருக்கணும்"னு சொல்லணும். வேணாம்னு சொல்லிட்டா அந்த வீட்டோட ஜென்மப் பகை. படிக்கட்டு ஓரமா மூணு வீடு இருந்துச்சு.

டக் டக் டக் டக்னு இறங்கினா மரூலா. முதல் வீடு தெஸ்பீனா வீடு. வாய் ஓயாத பொம்பள. செருப்புச் சத்தம் கேட்டதுமே தட்டோட வாசலுக்கு வந்துட்டா.

"மரூலா, பயணமா?"

"பயணமெல்லாம் இல்ல. சும்மா கீழ வரைக்கும்."

"சும்மா போறவ இந்தச் செருப்பா போடுவ? வாயத் திற."

அக்காவப் பாக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பா. எப்படிச் சொல்வா? ஏழு வருஷமா, நானா தேடிப் போகமாட்டேன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்காளே. வாயத் திறந்தா. பிஞ்சு அத்திக்காப் பாகு. லபக். தண்ணி, மடக் மடக் மடக். அதுக்குள்ள தெஸ்பீனா தன் மருமகள் கதையில பாதி சொல்லிட்டா. கீழ கப்பல் கரைக்கு வந்து, பாலம் மாதிரி இருக்கிற கதவத் தடால்னு கரையில இறக்குச்சு. அப்போ ஆரம்பிச்சுது பத்து நிமிஷம்.

டக் டக் டக் டக். ரெண்டாவது வீடு வாங்கெலித் தாத்தா வீடு. அவருக்குக் கை நடுங்கும். திராட்சைப் பாகு. ஸ்பூன் டம்ளர்ல பட்டு கிணுகிணுகிணுன்னு சத்தம். ஸ்பூன் அவ வாய்க்குப் பக்கத்துல வரும், சொட்டுன்னு கொட்டிடும். மறுபடி எடுப்பாரு. வரும், கொட்டும்.

"குடுங்க தாத்தா, நானே எடுத்துக்கறேன்."

"எப்படிம்மா? பயணம் போறவங்களுக்கு நான்தான ஊட்டணும்."

மூணாவது தடவை உள்ள போச்சு. நாலு நிமிஷம் போயே போச்சு. அந்த மனுஷன்கிட்ட கோபப்படவும் முடியல அவளால. உங்க கை நல்லாருக்கணும் தாத்தான்னு சொன்னா, மனசாரத்தான் சொன்னா.

தூங்கிட்டியா? இல்லயா. சரி.

மூணாவது வீடு எலெங்கோப் பெரியம்மா வீடு. அவ செய்யறது கத்திரிக்காப் பாகு. சிரிக்காத, கத்திரிக்காதான். பிஞ்சுக் கத்திரிக்கா, சர்க்கரையில போட்டு. அத யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டாங்க, அதனால யாராவது வழியில மாட்டினா அவ ஒரு ஸ்பூனோட விடமாட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் எப்படி இருந்துச்சுன்னு விவரமா சொல்லணும்.

வளைவுல நின்னா மரூலா. கீழ பாத்தா, கப்பல் கயித்த அவுக்க ஆள் வந்தாச்சு. அங்க தட்டோட பெரியம்மா, இங்க பளபளன்னு செருப்பு. குனிஞ்சா. வார அவுத்தா. ரெண்டு செருப்பையும் கழட்டி ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால தள்ளினா.

மத்தியான வெயில்ல கல்லு எப்படி இருக்கும்? சுர்ருன்னுச்சு. ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்னு நடந்தா.

எலெங்கோ அவ காலப் பாத்தா. வெறுங்கால்.

"எங்கடி?"

"கீழதான் பெரியம்மா."

"போ"ன்னு சொல்லிட்டு, தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா எலெங்கோ. வெறுங்காலோட போறவளுக்குப் பாகு கிடையாது.

அப்புறம் ஓட்டம். தட தட தட தட. முடி அவுந்துச்சு, மூச்சு முட்டிச்சு. கரைக்கு அவ வந்து சேரவும், கப்பல் கதவு கிரீச்னு மேல ஏறவும் சரியா இருந்துச்சு.

மேல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா கத்தீனா. எவ்வளவு நேரமா நின்னாளோ. குண்டா ஆயிருந்தா, முடி பூரா நரைச்சிருந்துச்சு. மரூலா பேசணும்னுதான் ஓடி வந்தா. ஆனா அந்த வீம்பு இருக்கு பாரு, அது இவளுக்கு முன்னாடியே ஓடி வந்து நாக்கு மேல உக்காந்துக்கிச்சு. அவளும் பேசல, இவளும் பேசல. கயிறு அவுந்து தண்ணியில தொபுக்னு விழுந்துச்சு. கப்பல் ஒரு முழம் நகர்ந்துச்சு.

அப்போ கத்தீனா கண்ணு தங்கச்சி கால்ல பட்டுச்சு.

"ஏன்டி வெறுங்கால்ல நிக்கற? கல்லு சுடல?"

"சுடுதுக்கா."

"செருப்பு எங்க?"

"மேல விட்டுட்டேன். ஓடி வரணும்னு."

"அறிவிருக்கா உனக்கு? இந்த வெயில்ல திரும்ப எப்படி ஏறுவ?"

திட்டினா. வாய் ஓயாம திட்டினா. சின்ன வயசுல திட்டுவாளே அதே மாதிரி. மரூலா அழுதுக்கிட்டே கேட்டுக்கிட்டு நின்னா, அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கப்பல் ரெண்டு முழம் போச்சு, மூணு முழம் போச்சு. கத்தீனா குனிஞ்சா. கால் வீங்குதுன்னு பயணத்துக்குப் போட்டிருந்த துணிச் செருப்பக் கழட்டி வீசினா. ஒண்ணு தொப்னு கரையில விழுந்துச்சு. இன்னொண்ணு ப்ளக்னு கடல்ல விழுந்துச்சு. பூ...ம்ம். கப்பல் போயிடுச்சு. கத்தீனா வெறுங்காலோட ஆஸ்திரேலியா போனா.

மரூலா விழுந்த செருப்ப எடுத்து மாட்டினா. படி ஏறினா. ஒரு கால் மெத்து, ஒரு கால் சுர்ரு. மெத்து, சுர்ரு. மெத்து, சுர்ரு.

எலெங்கோ எழுந்து நின்னா. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல இல்ல. இதுக்குப் பாகு குடுக்கணுமா வேணாமான்னு அவளுக்குப் புரியல. தட்ட முன்னால நீட்டினா, பின்னால இழுத்தா. அப்புறம் கீழ வச்சுட்டா.

"அக்காவத்தான பாக்கப் போன?"

"ஆமா பெரியம்மா."

"பேசினீங்களா?"

"பேசினோம்."

"யாரு முதல்ல பேசினது?"

ஏழு வருஷமா ஊரே காத்துக்கிட்டிருந்த கேள்வி. முதல்ல பேசினவதான் தோத்தவ. மரூலா திரும்பிக் கடலப் பாத்தா. கப்பல் எள்ளு அளவு ஆயிருந்துச்சு.

"நான்தான் பெரியம்மா. நான்தான் முதல்ல பேசினேன்"ன்னா.

சொல்லிட்டு ஏறிப் போனா. மெத்து, சுர்ரு. மெத்து, சுர்ரு.

கப்பலும் போச்சு, கதையும் போச்சு. ம் கூட வரல உன்கிட்டேருந்து. தூங்கு.